மெல்லாமல் காப்பாற்றிய பல்

1. ரிங் பறந்தது

ரிங் முதல் நாளே பறந்தது. வாயிலிருந்து கிளம்பி, லைட்டில் பட்டு, டாக்டரின் கண்ணாடியில் பட்டு, வாஷ்பேசினுக்கு அடியில் போய் விழுந்தது. சேரில் படுத்திருந்தவர் பயந்து வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா சார் அது? என் பல்லா?"

"பல்லு இல்லங்க. ஸ்பிரிங் மாதிரி ஒரு ரிங்கு."

"வாயில ஸ்பிரிங்கு இன்னாத்துக்கு சார்? பல்ல அடைக்கச் சொன்னா பைக்கு ரிப்பேர் பண்றியா?"

நான் குனிந்து தேடி எடுத்தேன். எங்கள் கிளினிக்குக்குக் கீழே மாவு மில். மிளகாய் அரைத்தால் மேலே நோயாளி தும்முவார். மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வில்தான் ரிங் நழுவியது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மில் லீவு. நான் அதைச் சொல்லவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். திருமுல்லைவாயிலில் இந்தக் கிளினிக்குக்குப் பெருக்கித் துடைக்க வந்தேன். பிறகு எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயைப் பிடித்தேன், மருந்து கலக்கினேன், இன்ஸ்ட்ருமென்ட் எடுத்துக் கொடுத்தேன். நோயாளிகள் நர்சம்மா என்கிறார்கள். நான் நர்ஸ் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

புதிதாகக் கிளினிக் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஏதாவது எழுதித் தா என்றார்கள். எனக்குச் சுருக்கமாகத்தான் வரும். ஒரு பல்லைப் பற்றி எழுதுகிறேன். அது போதும்.

2. பல்லுக்குத் தொப்பை உண்டு

பல்லின் மேலே குழி விழுந்தால் அடைப்பது சுலபம். கிண்ணத்தில் மாவை வைத்து அழுத்துகிற மாதிரி. கடைவாயில் இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை விழுந்தால்தான் தொல்லை. அங்கே ஒரு பக்கச் சுவரே இருக்காது. மருந்து வழிந்து அடுத்த பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சுவர் மாதிரி ஒரு மெல்லிய தகடு வைத்துவிட்டு அடைக்க வேண்டும். அந்தத் தகடுதான் பேண்ட்.

பழைய டாக்டர் இருந்தபோது பேண்டைப் பல்லைச் சுற்றி பெல்ட் மாதிரி போட்டுத் திருகி இறுக்குவார். பேண்ட் நேராக நிற்கும். பல் நேராக இருக்காது. பல்லுக்குத் தொப்பை உண்டு. பக்கத்துப் பல்லின் தொப்பையும் இதன் தொப்பையும் முட்டிக்கொண்டிருந்தால்தான் நடுவில் சோறு இறங்காது. நேரான பேண்டில் தொப்பை வராது. நடுவில் சந்து விழும்.

சந்து விழுந்த ஜனங்கள் டாக்டரிடம் திரும்பி வந்தார்களா என்றால் இல்லை. ஊதுபத்திக் குச்சி, தீக்குச்சி, துடைப்பக் குச்சி, தாலிக்கயிற்றில் தொங்கும் ஊக்கு என்று ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். சாப்பிட்டதும் ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டு மறுபடியும் கயிற்றிலேயே மாட்டிக்கொண்ட அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, "பல்லுன்னு இருந்தா மாட்டத்தான் செய்யும்" என்றார். ஈறு அழுகி பல் ஆடியதும் வந்து, "புடுங்கிடுங்க" என்றார். இதுதான் இந்தப் பக்கத்து வைத்தியம்.

பழைய டாக்டர் போய்விட்டார். கிளினிக்கை வாங்கிய புது டாக்டர் சின்ன வயதுக்காரர். ஹோட்டலில் ஏசி ஹாலில் நடந்த ஒரு கிளாசுக்குப் போனார். அட்டைப் பெட்டியோடு வந்தார். அதுதான் செக்‌ஷனல் மேட்ரிக்ஸ் கிட். இதில் பேண்ட் பல்லைச் சுற்றி வராது. ஒரு பக்கத்துக்கு மட்டும் சின்னத் தகடு. தொப்பை வளைவு அதிலேயே இருக்கும். அதை இடுக்கில் செருகி, அடியில் வெட்ஜ் என்கிற மர ஆப்பைத் தள்ளி, மேலே ரிங் மாட்ட வேண்டும். ரிங் இரண்டு பல்லையும் ஒரு துளி விலக்கிப் பிடிக்கும். மருந்து வைத்து, லைட் அடித்து, ரிங்கை எடுத்தால் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பி ஒன்றோடொன்று முட்டும். பல்லிடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டால் 'டக்' என்று சத்தம் கேட்டு இறங்க வேண்டும். சத்தம் வந்தால் வேலை சரி.

அப்படித்தான் டாக்டர் சொன்னார். கிளாசில் அவருக்கும் அப்படித்தான் சொன்னார்களாம்.

ரிங் பறப்பது கொஞ்ச நாளில் நின்றது. டாக்டருக்குக் கை படிந்துவிட்டது. கெட்ட கை இல்லை அவருக்கு. ஆனால் ஒவ்வொரு ஃபில்லிங் முடிந்ததும் போட்டோ. நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார். நான் கன்னத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். "அக்கா, இன்னும் கொஞ்சம் இழுங்க. நிழல் விழுது." போட்டோ டாக்டர்கள் குரூப்புக்குப் போகும். அங்கேயிருந்து கைத்தட்டல் பொம்மைகள் வரும். வாய்க்காரனுக்கு எச்சில் கழுத்து வரை வழிந்திருக்கும். அவனுக்குக் கைத்தட்டல் இல்லை.

3. பேபியம்மாவின் மகன்

பேபியம்மா ஸ்டேஷன் பக்கம் சாயங்காலத்தில் பீஃப் ஃப்ரை கடை போடுகிறவர். தோசைக்கல்லில் கரண்டி அடிக்கும் சத்தம் கிளினிக் வரைக்கும் கேட்கும். அவர் குரலும் கேட்கும். ஒரே மகன் திவாகர். ஆவடி கேம்ப் மைதானத்துக்குப் பக்கத்தில் தினம் ஓடிப் பழகி, மத்திய ஃபோர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டத்தில் தேறி, மெடிக்கல் வரை போனவன். மெடிக்கலில் பல்லில் நின்றுவிட்டான்.

அங்கே பல்லுக்கு பாயிண்ட் உண்டு. கடைவாய்ப் பல்லுக்குக் கூடுதல் பாயிண்ட். திவாகருக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கடைவாய்ப் பல் போய்விட்டது. மிச்சமிருந்ததில் வலது பக்கக் கீழ்ப்பல்லில் இடுக்குச் சொத்தை, ஈறு வீக்கம். இந்தப் பல்லையும் கழித்துவிட்டால் பாயிண்ட் தேறாது. டெம்பரவரி அன்ஃபிட் என்று எழுதி, சரிசெய்துகொண்டு ரிவ்யூவுக்கு, அதாவது மறுபரிசோதனைக்கு, வரச் சொல்லிவிட்டார்கள். வயசு வரம்பு முடியப் போகிறது. அடுத்த தடவை என்று ஒன்று அவனுக்குக் கிடையாது.

பேபியம்மா டாக்டரின் மேஜைமேல் கையை ஊன்றி நின்றார்.

"சார், ஓடினான், குதிச்சான், நெஞ்ச அளந்தானுங்கோ, எல்லாம் ஓகேன்னுட்டானுங்கோ. ஒரு பல்லுக்காக வேணாம்னு சொல்றது நாயமா? துப்பாக்கிய பல்லாலயா சுடப் போறான்?"

"அம்மா, நான் ரூல் போடலம்மா. பல்ல சரிபண்ணித் தரேன்."

"முன்னாடி ரெண்டு பல்லு எப்படிப் போச்சு?" என்று நான் கேட்டேன்.

"வலிக்குது வலிக்குதுன்னு கத்துனான். புடுங்கினு வந்துட்டோம்."

"அப்போ யாரு புடுங்கச் சொன்னது?"

பேபியம்மா என்னைப் பார்த்தார். "நர்சம்மா, நீ சக்‌ஷன மட்டும் புடி."

டாக்டர் அன்றே வேலையை முடித்தார். மரப்பு ஊசி, சொத்தையை எடுத்தது, பேண்ட், வெட்ஜ், ரிங், மருந்து, லைட். ஃப்ளாஸ் விட்டார். 'டக்.' முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நீலப் பேப்பரைக் கடிக்கச் சொன்னார். எங்கே உயரமாகப் படுகிறது என்று அதில் தெரியும்.

"எப்படி இருக்குப்பா?"

"ஒசரமா கீது சார்."

டாக்டர் கொஞ்சம் தேய்த்தார்.

"இப்போ?"

"இன்னும் ஒசரமா கீது."

மறுபடியும் தேய்த்தார். அவனுக்குப் பாதி முகம் மரத்துக் கிடந்தது. உதடு எங்கே என்றே தெரியாதவனிடம் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வான்? இது எல்லாக் கிளினிக்கிலும் நடக்கிற கூத்து. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். கடைசியில் "ஓகே சார்" என்றான். வாய் வலித்திருக்கும்.

போட்டோ எடுத்தோம். டாக்டர் வழக்கம்போல் சொன்னார். "இன்னைக்கு அந்தப் பக்கம் மெல்லாதே. மரப்பு போறவரைக்கும்."

திவாகர் தலையாட்டினான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளால்தான் பாதித் தொல்லை.

பத்து நாள் போல கழித்து டாக்டர் போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எதாச்சும் மாட்டுதாப்பா?"

"இல்ல சார். ஒண்ணும் மாட்டல. சூப்பரா கீது சார்."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாக்கா? இதுதான் செக்‌ஷனல்."

4. கறி

ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேபியம்மா மகனைச் சட்டைக் காலரைப் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். மற்றொரு கையில் டிபன் பாக்ஸ். வெயிட்டிங் ஹாலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"சார், இவன் வாய் நாறுது. பக்கத்துல நின்னு பேச முடியல. இன்னா பண்ணிகீற நீ?"

டாக்டர் அவனைப் படுக்க வைத்து லைட் போட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஃபில்லிங் அப்படியே இருந்தது, கடையில் வாங்கின மாதிரி. அதைச் சுற்றி ஈறு சிவந்து உப்பி, தொட்டதும் ரத்தம் வந்தது. எந்த வீக்கத்துக்காகத் திருப்பி அனுப்பினார்களோ அதே வீக்கம். இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

"பிரஷ் பண்றியா இல்லையா?"

"பண்றேன் சார். அந்தப் பக்கம் மட்டும் பண்றதில்ல."

"ஏன்?"

"பெயர்ந்துடப் போவுதுன்னு சார்."

"மெல்றியா?"

"லெஃப்ட்ல மட்டும் சார்."

"எத்தனை நாளா?"

"நீங்க சொன்னதுலேர்ந்து."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நாளைக்குச் சொன்னதை அவன் ரிவ்யூ வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பல்லுக்கு ஒரு பருக்கை சோறு போகவில்லை, ஒரு முடி பிரஷ் படவில்லை. இவன் போனில் சூப்பர் என்று சொல்ல, அதை நம்பி இவர் குரூப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே சேரில் படுக்க வைத்திருக்கலாம்.

"அம்மா, ஃபில்லிங்ல தப்பு இல்ல. இவன் விளக்காததுதான் தப்பு. க்ளீன் பண்ணி விடறேன். இனிமே ஒழுங்கா..."

"இரு சார்." பேபியம்மா டிபன் பாக்ஸைத் திறந்தார். மிளகும் கறிவேப்பிலையும் போட்ட கறி வாசனை டெட்டால் வாசனையை ஒரே அடியில் தள்ளியது. "தப்பு இல்லன்னா துன்னு காட்டட்டும். டேய், வாயத் தொற."

"ம்மா, இங்கயா? மானத்த வாங்காதம்மா."

"உன் மானத்த அப்புறம் வாங்கலாம். வேலைய மொதல்ல வாங்கு. அந்தப் பக்கம் வெச்சு மெல்லுடா."

"அம்மா, இது கிளினிக்கு" என்றார் டாக்டர்.

"கிளினிக்குன்னா இன்னா சார்? சோறு துன்னத்தானே பல்லு? நூல வுட்டுப் பாத்தியே, அவன் நூலா துன்னப் போறான்?"

கதவு திறந்திருந்தது. ஹாலில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஃபாக்டரி ரிட்டயர்டு பெரியவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, இங்கயும் கடை போட்டுட்டியா?"

"உனக்குப் பல்லு இல்ல, போய் குந்து நைனா."

திவாகர் மென்றான். முதலில் பயந்து பயந்து, பிறகு நன்றாகவே. நல்ல நார்க் கறி. பேபியம்மா வேண்டுமென்றே அதைத்தான் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறார். விழுங்கிவிட்டு நாக்கால் துழாவினான். முகம் மாறியது.

"மாட்டிகிச்சுமா."

"தோ" என்றார் பேபியம்மா. டிபன் பாக்ஸை மூடினார்.

டாக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஃபில்லிங்குக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் கறி நார் நின்றுகொண்டிருந்தது. ட்வீஸரால் இழுத்தார். வந்தது. ஃப்ளாஸ் விட்டார். 'டக்.' சத்தமெல்லாம் சரியாகத்தான் வந்தது. மறுபடியும் ஒரு துண்டு கொடுக்கச் சொல்லி, மெல்லும்போது கன்னத்தை விலக்கிப் பார்த்தார். நான்தான் விலக்கிப் பிடித்தேன். இந்தத் தடவை போட்டோ எடுக்கவில்லை.

ட்வீஸரைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார். "அம்மா, தப்பு என்னுது. அன்னைக்கு இவன் ஒசரம் ஒசரம்னு சொன்னதால ஓரத்த அதிகமா தேச்சிட்டேன். பக்கத்துப் பல்லோட ஓரம் மேல இருக்கு, இது கீழ இருக்கு. படி மாதிரி. மேல்பல்லோட கூர் நேரா அந்தப் படியிலதான் உலக்கை மாதிரி இறங்குது. கறிய உள்ள குத்தி அனுப்புது."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"எடுத்துட்டுத் திரும்பப் போடறேன்."

"திரும்ப மாட்டினா?"

"மாட்டாது."

"அன்னிக்கும் சரிபண்ணித் தரேன்னுதான் சொன்ன."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக நான் அவரிடம் இன்னும் வேலை பார்க்கிறேன். வேறு கிளினிக்காக இருந்தால் "வாய் சுத்தமில்லாதவன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட இடங்களில் அதை இங்கிலீஷில் சொல்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

5. மரப்பு இல்லாமல்

அன்றைக்கு ஈறைச் சுத்தம் செய்து அனுப்பினார். ரத்தம் வருகிற ஈறுக்குப் பக்கத்தில் மருந்து ஒட்டாது. "ரெண்டு பக்கமும் விளக்கு, ரெண்டு பக்கமும் மெல்லு, மாட்டினா எடு, உப்புத் தண்ணியில கொப்பளி" என்றார். அவன் எழுதிக்கொள்ளப் பேனா கேட்டான். பேபியம்மா தலையில் ஒன்று வைத்தார்.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மறுபடியும் படுக்க வைத்தோம். இந்தத் தடவை ஊசி போடவில்லை. பழைய மருந்தை மட்டும்தான் எடுக்க வேண்டும், பல்லைத் தொட வேண்டாம், வலித்தால் கையைத் தூக்கு என்றார் டாக்டர். மரத்துப் போகாத வாய்தான் உயரத்தைச் சரியாகச் சொல்லும்.

பேண்ட் இறங்கியது. வெட்ஜ் தள்ளினார். திவாகரின் கண்ணில் தண்ணீர். கையைத் தூக்கவில்லை. ஓடிப் பழகிய உடம்பு. ரிங் மாட்டும்போது டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரிங்கில் ஃப்ளாஸ் நூலை முடிச்சுப் போட்டு நுனியை விரலில் சுற்றியிருந்தேன். பறந்த நாளிலிருந்து அப்படித்தான். பறந்தாலும் நூலோடு தொங்கும், தொண்டைக்குள் போகாது.

மருந்து வைப்பதற்கு முன்னாலேயே பக்கத்துப் பல்லின் ஓரம் எந்த உயரம் என்று ப்ரோப் கம்பியை வைத்துப் பார்த்துக்கொண்டார். முதலில் அந்தச் சுவரை மட்டும் கட்டி லைட் அடித்தார். பிறகு உள்ளே நிரப்பினார். ரிங்கை எடுத்தார். 'டக்.' அதைக் கேட்டு இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நீலப் பேப்பர். "ஒசரமா?" "லேசா, உள்பக்கம்." உள்பக்கத்தில் மட்டும் தேய்த்தார். ஓரத்தைத் தொடவில்லை. மேல்பல்லின் கூர்முனையை ஒரு துளி மழுக்கினார்.

கீழே மில் ஓட ஆரம்பித்தது. மிளகாய். எல்லோரும் தும்மினோம். ஃபில்லிங் அசையவில்லை.

டாக்டரே கேட்டார். "அம்மா, டிபன் பாக்ஸ் எங்க?"

பேபியம்மா ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார். முதல் துண்டு, இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு. நாங்கள் அவன் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சாப்பிடுவதைக்கூட இப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாக்கால் துழாவினான். இன்னொரு தடவை துழாவினான்.

"இல்லம்மா."

"நல்லா பாருடா."

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல."

பேபியம்மா சேரின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மிச்சக் கறியை டாக்டரிடம் நீட்டினார். "நீயும் துன்னு சார். உன் பல்லு எப்படி கீதுன்னு பாக்கலாம்."

டாக்டர் சைவம். சிரித்துச் சமாளித்தார். நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

6. ரிவ்யூ

ரிவ்யூவில் என்ன நடந்தது என்று திவாகரே வந்து சொன்னான். ஒருத்தர் டார்ச் அடித்து, வாயைத் திற என்றாராம். பார்த்தாராம். டிக் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். தும்மி முடிக்கிற நேரம்கூட இல்லை. அந்த டிக்குக்காகத்தான் ரிங்கு, பேண்டு, கறி, கண்ணீர் எல்லாம். போகட்டும். வேலை கிடைத்தது.

இனி, புதிதாக வரும் பெண்களுக்கு.

ஃபில்லிங்கைப் பார்த்து அழகு என்று சொல்லாதே. அழகு போட்டோவுக்கு. 'டக்' சத்தத்தையும் முழுதாக நம்பாதே. மரத்துப்போன வாய் சொல்லும் உயரத்தை நம்பவே நம்பாதே. நோயாளி போனில் "நல்லா கீது" என்றால் அது பதில் இல்லை. "அந்தப் பக்கம் மென்னியா?" என்று கேள். "எதை மென்ன?" என்று கேள். இட்லி என்றால் ஒப்புக்கொள்ளாதே. வேலை செய்யாமல் குறையில்லாமல் இருக்கிற பல், வேலை செய்யாமல் நல்ல பேர் வாங்கும் ஆள் மாதிரி. அப்படிப்பட்ட ஆட்களை நீ வேறு இடங்களிலும் பார்ப்பாய்.

எங்கள் கிளினிக்கில் டாக்டர் இப்போது "மெல்லாதே" என்று சொல்வதில்லை. "மரப்பு போனதும் அந்தப் பக்கமே மெல்லு, மாட்டினா நாளைக்கே வா" என்கிறார். சொன்னது புரிந்ததா என்று நான் ஒரு தடவை கேட்பேன்.

போன வாரம் ஸ்டேஷன் போகும் வழியில் பேபியம்மா கடையில் நின்றேன். திவாகர் வடக்கே எங்கேயோ டிரெயினிங்கில் இருக்கிறான். வீடியோ காலில் சாப்பிட்டுக்கொண்டே பேசினானாம்.

"எந்தப் பக்கம் மெல்றான்?" என்று கேட்டேன்.

பேபியம்மா கரண்டியைக் கல்லில் ஓங்கி அடித்தார்.

"லெஃப்ட்லதான் நர்சம்மா. ரைட்டு பக்கத்துப் பல்லுலதான் டிக் வாங்கினானாம். அத்த பத்திரமா வெச்சுகினு கீறானாம்."

"எது வரைக்கும்?"

"ரிட்டயர்டு ஆவற வரைக்குமாம்."